பூமியோட காந்த வால்ல அடிக்கறது என்ன அலைன்னு நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி? முழு வழிகாட்டி

2024 மே 10, 11ல பெரிய காந்தப் புயல் அடிச்சப்ப லடாக்ல ஹான்லே வானமே செவந்து போச்சு, எங்க ஃபேமிலி வாட்ஸாப் குரூப் பூரா அந்தப் படம்தான் ஓடுச்சு. நம்ம சிங்கப்பூர்ல ஒண்ணும் தெரியாது, பூமத்திய ரேகைக்கு 150 கி.மீ.க்குள்ள உக்காந்திருக்கோம், மேகம் வேற. அப்ப எங்க அக்கா பையன் புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடையில வெச்சு, "மாமா, இந்த வெளிச்சம் எல்லாம் சூரியன்லேர்ந்து நேரா வந்து விழுதா?"ன்னு கேட்டான். பாதிக்கு மேல நேரா வரல டா, பூமியோட ராத்திரிப் பக்கம் வால் மாதிரி நீண்டு கெடக்கற காந்தப் புலம் வழியா, நம்ம முதுகுப் பக்கமா சுத்திட்டு வருதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன், தே ஓ ஆறிப் போச்சு, அவன் அதையே யூனி ப்ராஜெக்டா எடுத்துட்டான். அவனுக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் இங்க எழுதறேன். நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்கற ஆளு, இது எனக்கு ராத்திரி வேலை. டேட்டா எல்லாம் ஓசி, லேப்டாப்பும் பொறுமையும் இருந்தா போதும்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். ஸ்பெக்ட்ரம் படத்தை, அதாவது எந்த நேரத்துல எந்த அலைவெண் எவ்வளவு பலமா இருக்குன்னு காட்டற படத்தைப் பாத்ததும் "இது விஸ்லர்", "இது லோயர் ஹைப்ரிட்"னு பேர் வெக்காதீங்க, அந்த அலைக்குச் சோறு போடறது யாருன்னு மொதல்ல பாருங்க. எங்கயோ ஒரு இடத்துல தேவைக்கு மேல எனர்ஜி தேங்கி நிக்கும், அடர்த்தி திடீர்னு எறங்கற ஒரு சரிவோ, ஒரு பக்கமா பாயற எலக்ட்ரான் கூட்டமோ, ரெண்டு திசையில ரெண்டு வெப்பநிலையோ. அதைத் தின்னுதான் அலை வளரும். அந்த நிலைமைக்குப் பேர்தான் இன்ஸ்டெபிலிட்டி, தமிழ்ல நிலையின்மை.

படி 1: வால் எப்படி இருக்குன்னு மனசுல படம் போட்டுக்கோங்க

சூரியக் காத்து நொடிக்கு சுமார் 400 கி.மீ. வேகத்துல வந்து பூமியோட காந்தப் புலத்தை முட்டுது. பகல் பக்கம் அது அமுங்கி சுமார் 10 பூமி ஆரத்துல நின்னுடும். ராத்திரிப் பக்கம் அப்படியே இழுபட்டு நீண்டு, நிலா இருக்கற 60 பூமி ஆரத்தையும் தாண்டிப் போகும். 1980களோட தொடக்கத்துல ஐஎஸ்இஇ-3 விண்கலம் 200 ஆரத்துக்கும் அந்தாண்ட போயும் வால் இருந்துச்சு.

வாலைக் குறுக்க வெட்டிப் பாத்தா மூணு அடுக்கு. மேலயும் கீழயும் லோப், அதாவது கிட்டத்தட்ட காலி இடம், கன சென்டிமீட்டருக்கு 0.01 துகள்தான் இருக்கும், ஆனா புலம் 20 நானோடெஸ்லா. வடக்கு லோப்ல புலக்கோடு பூமியைப் பாத்து வருது, தெற்கு லோப்ல பூமியை விட்டு ஓடுது. நடுவுல பிளாஸ்மா ஷீட், பிளாஸ்மான்னா எலக்ட்ரானும் அது கழண்ட அணுவும் (அயான்) கலந்து கெடக்கற சூடான வாயு, அடர்த்தி 0.1லேர்ந்து 1 வரைக்கும், அயான் எல்லாம் சில கிலோ எலக்ட்ரான் வோல்ட் சூட்டுல கொதிச்சுக்கிட்டிருக்கும். மேல ஒரு திசை கீழ எதிர்த் திசைன்னு புலம் இருக்கறதால நடுவுல காலைப் பக்கத்துலேர்ந்து மாலைப் பக்கத்துக்கு ஒரு மின்னோட்டத் தகடு ஓடியே ஆகணும், அதுதான் கரண்ட் ஷீட். கதை பூரா அந்தத் தகடு எவ்வளவு மெலியுதுங்கறதுலதான்.

மரீனா பேரேஜ் பாத்திருப்பீங்க, உள்ள தண்ணி ஏற ஏற மதகைத் தொறந்து விடுவாங்க. வால்லயும் அதே மாதிரி முக்கா மணி, ஒரு மணி நேரம் லோப்ல காந்த எனர்ஜி சேரும், தகடு பல ஆயிரம் கி.மீ. தடிமன்லேர்ந்து ஆயிரம் கி.மீ., சில சமயம் அதுக்கும் கீழ மெலியும், அப்புறம் மடை திறந்த வெள்ளம்தான். இதுக்கு சப்ஸ்டார்ம்னு பேர், அரோரா, அதாவது துருவத்துப் பக்கம் வானத்துல தெரியற அந்த வெளிச்சம், எப்படிக் கட்டம் கட்டமா வெடிக்குதுன்னு 1964ல அகசோஃபு எழுதினார். ஆனா நம்ம மதகைத் தொறக்க ஆள் இருக்கு, அங்க யாரும் கிடையாது, தானா ஒடையுது. ஏன் அந்த நிமிஷத்துல ஒடையுதுங்கறதுதான் ஐம்பது வருஷமா சண்டை.

படி 2: டேட்டா எடுக்கறது

கத்துக்கறவங்களுக்கு நான் சொல்றது நாஸாவோட எம்எம்எஸ். 2015 மார்ச்ல ஏவின நாலு கலம், பிரமிடு மாதிரி ஒண்ணா பறக்கும், 2017ல வால் பக்கம் 25 பூமி ஆரம் வரைக்கும் போச்சு. பைத்தான்ல பைஸ்பெடாஸ்ங்கற லைப்ரரியைப் போட்டீங்கன்னா நேரத்தைக் குடுத்தா போதும், அதுவே இறக்கிக் குடுத்துடும். காந்தப் புலம், மின் புலம், அயான், எலக்ட்ரான், இந்த நாலும் வேணும்.

ரெண்டு விதமா டேட்டா வரும். சாதாரண ஓட்டத்துல அயானும் எலக்ட்ரானும் 4.5 நொடிக்கு ஒரு தடவைதான். பர்ஸ்ட் மோடுல எலக்ட்ரான் 30 மில்லி நொடிக்கு ஒண்ணு, அயான் 150 மில்லி நொடிக்கு ஒண்ணு, காந்தமானி நொடிக்கு 128, வேகமா மாறற காந்த அதிர்வை அளக்கற சர்ச் காயில் நொடிக்கு 8192. அலை பாக்கணும்னா பர்ஸ்ட் இல்லாம காலம் கழிக்காதீங்க. எல்லா நேரத்துக்கும் பர்ஸ்ட் கிடைக்காது, அவ்வளவையும் கீழ அனுப்ப வழியில்ல, ஒரு விஞ்ஞானி தினமும் உக்காந்து எது வேணும்னு பொறுக்கறார்.

பழக ஒரு நேரம் சொல்றேன்: 2017 ஜூலை 11, உலக நேரம் 22:34. நம்ம ஊர்ல 12ஆம் தேதி புதன்கிழமை காலை 6:34, இன்னும் விடியல, எம்ஆர்டில கூட்டம் ஏற ஆரம்பிக்கற நேரம். அந்த நிமிஷத்துல பூமிக்குப் பின்னால சுமார் 21 ஆரத்துல நாலு கலமும் புலக்கோடு அறுந்து ஒட்டற (இதுக்குத்தான் ரீகனெக்ஷன்னு பேர்) இடத்துக்கு உள்ளயே புகுந்து போச்சு.

படி 3: இப்ப எங்க நிக்கறோம்?

காந்தப் புலத்தோட எக்ஸ் பாகத்தைப் பாருங்க, ஜிஎஸ்எம் அச்சுல, அதுல எக்ஸ்னா பூமிலேர்ந்து சூரியனைப் பாத்த திசை. +20 கிட்ட ஆடாம நின்னா வடக்கு லோப், -20ன்னா தெற்கு லோப், பூஜ்யத்தைக் கடந்தா தகடோட நடுவைக் கடந்துட்டீங்க. அது அஞ்சு பத்து நிமிஷத்துல பல தடவை மேல கீழ போச்சுன்னா நீங்க ஆடல, தகடுதான் ஈரத்துணி மாதிரி படபடன்னு அடிச்சுக்குது. அதுவே ஒரு அலை, ஃப்ளாப்பிங்னு சொல்வாங்க, ஐரோப்பாவோட க்ளஸ்டர் கலங்கள் நாலும் பாத்தப்ப அது நடுவுலேர்ந்து ரெண்டு ஓரத்துக்கும் நொடிக்குச் சில பத்து கி.மீ. வேகத்துல போறது தெரிஞ்சுது.

அழுத்தத்தையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க. லோப்ல 20 நானோடெஸ்லாவுக்குக் காந்த அழுத்தம் 0.16 நானோபாஸ்கல். ஷீட் நடுவுல அடர்த்தி 0.3, அயானும் எலக்ட்ரானும் சேர்ந்து 3.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இருந்தா அதுவும் அதே 0.16. ரெண்டும் ஒத்து வரலன்னா உங்க டேட்டாவுல ஏதோ கோளாறு, இல்ல வால் அந்த நேரத்துல சும்மா இல்ல.

படி 4: ஸ்பெக்ட்ரத்தைத் தொறக்காம மொதல்ல கணக்கு

இதைத்தான் பசங்க தாண்டிக் குதிச்சுடறாங்க. புலம் 20 நானோடெஸ்லா, அடர்த்தி 0.3ன்னு வெச்சு ஒரு தாள்ல எழுதுங்க.

எலக்ட்ரான் சுழற்சி (புலக்கோட்டை நொடிக்கு எத்தனை தடவை சுத்துதுங்கறது): நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ், ஆக 560 ஹெர்ட்ஸ்.
புரோட்டான் சுழற்சி: அதை 1836ஆல வகுத்தா 0.3 ஹெர்ட்ஸ்.
லோயர் ஹைப்ரிட்: மேல இருக்கற ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம், 13 ஹெர்ட்ஸ்.
பிளாஸ்மா அலைவெண்: அடர்த்தியோட வர்க்கமூலத்தை 9ஆல பெருக்கினா கிலோஹெர்ட்ஸ்ல, சுமார் 4.9.
ஆல்ஃவென் வேகம் (புலக்கோடு கம்பி மாதிரி அதிர்ந்தா அந்த அதிர்வு ஓடற வேகம்): புலத்தை 21.8ஆல பெருக்கி அடர்த்தியோட வர்க்கமூலத்தால வகுத்தா நொடிக்கு சுமார் 800 கி.மீ.
அயானோட இயல்பு நீளம் 415 கி.மீ., எலக்ட்ரானுக்கு 10 கி.மீ.

இந்தக் கோடுகளை எல்லாம் ஸ்பெக்ட்ரத்து மேல புலமும் அடர்த்தியும் மாற மாற நெளியற மாதிரி வரைஞ்சுக்கோங்க, ஒரே நேர்கோடா இழுத்து வெக்காதீங்க. தகடு நடுவுல புலம் 3க்கு எறங்கினா எலக்ட்ரான் சுழற்சி 84 ஹெர்ட்ஸ்தான், விஸ்லர் எப்பவும் அதுக்குக் கீழதான், அங்க 200 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு தெரிஞ்சா அது விஸ்லரா இருக்கவே முடியாது. லோப்ல இன்னொரு சிக்கல், அடர்த்தி 0.01 ஆனா பிளாஸ்மா அலைவெண் 900 ஹெர்ட்ஸுக்கு வந்து எலக்ட்ரான் சுழற்சியோட தோள் உரசும், அப்ப லோயர் ஹைப்ரிட் குறுக்கு வழிக் கணக்கு 13ன்னு சொல்லும், முழுக் கணக்கு 11தான் குடுக்கும்.

படி 5: கலத்தோட சொந்தச் சத்தத்தைக் கழிங்க

நான் வாங்கின அடி இது. ஆரம்பத்துல க்ளஸ்டர் டேட்டாவுல வேலை பாத்தேன். லோப்ல 0.25 ஹெர்ட்ஸ்ல கத்தியால கீறின மாதிரி ஒரு கோடு, புரோட்டான் சுழற்சி அங்க 0.3. சொல்லவா வேணும், அயான் சைக்ளோட்ரான் அலையைப் புடிச்சுட்டேன்னு மூணு வாரம் தூங்கல, இருபது ஸ்லைடு போட்டு நண்பர்களுக்கெல்லாம் காட்டிட்டேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அதே படத்தை நீட்டிப் பாத்தா லோப் புலம் 20லேர்ந்து 15க்கு எறங்குது, புரோட்டான் சுழற்சியும் அதோட எறங்கணும், என் கோடு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையல. க்ளஸ்டர் 4 நொடிக்கு ஒரு தடவை தன்னைத்தானே சுத்தற கலம். 4 நொடின்னா 0.25 ஹெர்ட்ஸ். 0.5லயும் மெல்லிசா ஒண்ணு இருந்துச்சு, அதையும் பாக்காம விட்டிருக்கேன்.

அதனால பழக்கமா வெச்சுக்கோங்க: எம்எம்எஸ் சுத்தறது சுமார் 20 நொடிக்கு ஒரு தடவை, நாஸாவோட இன்னொரு கூட்டமான தெமிஸ் கலங்கள் 3 நொடி. அந்த அலைவெண்லயும் அதோட மடங்குலயும் கோடு இருந்தா நம்பாதீங்க. புலம் மாறும்போது கூடவே நகர்ந்தா மட்டும் மேல போங்க.

படி 6: ஓடற ரயில்ல ஜன்னல் எண்ணாதீங்க

எங்க வீட்டு சன்னல்லேர்ந்து எம்ஆர்டி தெரியும். ராத்திரில வெளிச்ச சதுரங்கள் நொடிக்கு இத்தனைன்னு கடந்து போகும், ரயிலுக்குள்ள எதுவும் அப்படித் துடிக்கல, அது ஓடறதாலதான் நமக்குத் துடிக்குது. வால்லயும் பிளாஸ்மா நொடிக்கு 400 கி.மீ. ஓடும்போது 400 கி.மீ. அகலமான ஒரு சுருக்கம் அப்படியே நின்னாலும் உங்க படத்துல 1 ஹெர்ட்ஸ் அலையா விழும்.

இதைப் பிரிக்கத்தான் நாலு கலம். ஒரே முகடு ஒவ்வொரு கலத்தையும் எப்பத் தொடுதுன்னு பாத்தா அதோட வேகமும் திசையும் கிடைச்சுடும். கலங்களுக்கு நடுவுல 20 கி.மீ.ன்னா, 400 கி.மீ. வேகத்துல வர்ற முகப்பு 50 மில்லி நொடில தாண்டும். பர்ஸ்ட் காந்தமானி 8 மில்லி நொடிக்கு ஒரு தடவை அளக்குது, பிடிச்சுடலாம். சாதாரண ஓட்டத்துல நொடிக்கு 16தான், 62 மில்லி நொடி, முகப்பு தாண்டிப் போனதே தெரியாது. கிடைச்ச வேகத்துலேர்ந்து அயானோட வேகத்தைக் கழிச்சா மிச்சம் இருக்கறதுதான் அலையோட சொந்த வேகம். மிச்சம் பூஜ்யம் கிட்டன்னா நீங்க பாத்தது ரயில் ஜன்னல்.

படி 7: மின் புலமும் காந்தப் புலமும் சேர்ந்து ஆடுதா

மின் அதிர்வை மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட்னும் காந்த அதிர்வை நானோடெஸ்லாலயும் எடுத்து வகுத்து ஆயிரத்தால பெருக்கினா கி.மீ. வேகம் வரும். 8 மில்லிவோல்ட், 10 நானோடெஸ்லா, 800 கி.மீ. இது ஆல்ஃவென் வேகத்தோட ஒத்துப் போனா ஆல்ஃவென் அலை. அயான் அளவுக்குச் சின்னதாக ஆக விகிதம் ஏறும், அப்ப அது கைனெடிக் ஆல்ஃவென், அதுதான் புலக்கோடு வழியா அரோராவுக்கு எனர்ஜி தூக்கிட்டுப் போற ஆளுங்கள்ல ஒருத்தர். காந்த அதிர்வே இல்லாம மின் புலம் மட்டும் ஆடினா எலக்ட்ரோஸ்டேட்டிக். ஒரு எச்சரிக்கை, எம்எம்எஸ்ல சுழல் அச்சு வழியா போற மின் ஆண்டெனா குட்டை, அந்தப் பக்கத்துச் சின்ன அளவுகளை வெச்சு பெரிய முடிவு எடுக்காதீங்க.

படி 8: சோறு போடறது யாரு

இனிமேதான் பேர். நான் எப்பவும் தீனியைத்தான் தேடுவேன், அலை தானா வந்து மாட்டும்.

தகடோட ஓரத்துல, அடர்த்தி சட்டுனு விழற இடத்துல 13 ஹெர்ட்ஸ் பக்கமா அகலமா இரைச்சல் இருந்தா அது லோயர் ஹைப்ரிட் டிரிஃப்ட். தீனி அந்தச் சரிவு. ரொம்ப சீக்கிரம் வளரும், ஆனா ஓரத்துலயே நின்னுடும், நடுவுல துகள் அழுத்தம் புலத்தை விட ரொம்ப ஜாஸ்திங்கறதால அங்க அது எடுபடாது. 1970கள்ல நிறைய பேர் இந்த இரைச்சல்தான் தகடுக்கு மின்தடை குடுத்து ரீகனெக்ஷனை ஆரம்பிச்சு வெக்குதுன்னு நம்பினாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, இரைச்சல் ஓரத்துல, அறுபடறது நடுவுல.

நடுவுல அறுக்கறது டேரிங் (tearing), அதாவது தகடு கிழியறது. எதிரெதிர் புலம் ரெண்டும் ரொம்பக் கிட்ட வந்தா தகடு ஒரே தகடா நிக்கறதை விட துண்டு துண்டாச் சுருண்டு தீவுகளா ஆகறது எனர்ஜிக்கு லாபம். தடிமனை விட நீளமான சுருளுக்குத்தான் இது வேலை செய்யும். மாட்டிக்கறது எங்கன்னா, தகடைக் குறுக்க தைக்கற மாதிரி வடக்கு நோக்கிப் போற சின்னப் புலம் (வடக்குப் புலம்) ஒண்ணு எப்பவும் இருக்கு, எலக்ட்ரானை அது கட்டி வெச்சிருக்கறதால தீவு உருவாகவே விடாது. அப்ப தகடு எலக்ட்ரான் அளவு வரைக்கும் மெலியணும், இல்ல வேற ஏதாவது வந்து அந்தத் தையலைப் பிரிக்கணும். எம்எம்எஸ் மாதிரி கலம் கேட்டு வாங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

10 ஆரத்துப் பக்கம், பூமியோட வட்டப் புலம் வாலா நீளற வளைவுல, சூடான பிளாஸ்மா வெளிய பிதுங்கப் பாக்கும், அது பலூனிங். அரோரா வெடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வானத்துல அரோரா வில்லுல முத்து கோத்த மாதிரி வெளிச்சப் புள்ளிகள் வரும், பலர் அதை இதோடதான் முடிச்சுப் போடறாங்க. 10 ஆரத்துல ஒடைஞ்சு பின்னால பரவுதா, 20 ஆரத்துல அறுந்து முன்னால வருதாங்கறதுதான் அந்த ஐம்பது வருஷச் சண்டை. 2007ல தெமிஸ்னு அஞ்சு கலத்தை இதுக்குன்னே அனுப்பினாங்க. 2008 பிப்ரவரி 26ல சுமார் 20 ஆரத்துல ரீகனெக்ஷன் மொதல்ல, அரோரா வெளிச்சம் அதுக்கு ஒன்றரை நிமிஷம் கழிச்சுன்னு வந்துச்சு. அந்த ஒரு நாளுக்கு அதுதான் பதில். எல்லா நாளும் அதே வரிசைதான்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன்.

அறுந்த இடத்துலேர்ந்து பூமியைப் பாத்துப் பாயற வெள்ளத்தோட முகப்புல வடக்குப் புலம் ஒரு சில நொடியில விறுவிறுன்னு ஏறும், டைபோலரைசேஷன் ஃப்ரண்ட். அதுக்குப் பின்னால எலக்ட்ரான் நசுங்கி, புலத்துக்குக் குறுக்குத் திசைச் சூடு, புலத்தோட போற நேர்த் திசைச் சூட்டை விட ஏறிடும். இந்த வித்தியாசத்தைத் தின்னு வர்றதுதான் விஸ்லர், எலக்ட்ரான் சுழற்சில பத்துல ஒண்ணுலேர்ந்து பாதி வரைக்கும், வலது கைப் பக்கமா வட்டமாச் சுத்தும். சுழற்சியோட ஒன்றரை, ரெண்டரை மடங்குல பட்டை பட்டையா இருந்தா அது எலக்ட்ரான் சைக்ளோட்ரான் ஹார்மோனிக். அதுக்கு நேர்மாறா, நேர்த் திசை அழுத்தம் ரொம்ப ஏறினா புலக்கோடு கையில நிக்காத தீயணைப்புக் குழாய் மாதிரி நெளியும், பேரே ஃபயர்ஹோஸ்.

பிளாஸ்மா ஷீட் ஓரமா பாயற எலக்ட்ரான் கற்றையைத் தின்னு வர்றதுக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1976ல வால்ல சுமார் 10 ஹெர்ட்ஸ்லேர்ந்து சில கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பரவின இரைச்சல்னு குர்னெட் குழு எழுதினாங்க, எல்லாரும் இரைச்சல்னே நினைச்சுட்டு இருந்தாங்க. 1994ல ஜப்பானோட ஜியோடெயில் அலைவடிவத்தையே பதிஞ்சு அனுப்பினப்ப மட்ஸுமோட்டோ குழு பாத்தா அது தொடர் இரைச்சலே இல்ல, தனித்தனியா ஒத்தைத் துடிப்புகள், மேல ஒரு கூம்பு கீழ ஒரு கூம்பு. ஸ்பெக்ட்ரத்தை மட்டும் பாத்தா இதுதான் ஆபத்து, அதனால பட்டை அகலமா இருந்தா அலைவடிவத்தைத் தொறந்து கண்ணால பாருங்க.

ஓரச் சுவர்ல சூரியக் காத்து உரசி சுருள் விடறது கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ், 2004ல க்ளஸ்டர் அந்தச் சுருளையே பிடிச்சு காமிச்சுது. வாலோட நடுவுல அதைத் தேடாதீங்க.

படி 9: ஜூலை 11க்கு வாங்க

22:34 பக்கம் அயான் வேகம் வால் பக்கத்துலேர்ந்து பூமி பக்கமா திரும்புது, வடக்குப் புலம் மைனஸ்லேர்ந்து ப்ளஸ்ஸுக்கு ஏறுது. அப்ப அறுபடற புள்ளி நம்ம கலத்தைத் தாண்டி வால் பக்கம் பின்வாங்கிப் போயிருக்கு. எலக்ட்ரான் நொடிக்கு 15,000 கி.மீ. வரைக்கும் பாயுது. வேகப் பரவல் படத்துல பிறை பிறையா அடுக்கு தெரியும், எலக்ட்ரான் தகடுக்குக் குறுக்க இங்கயும் அங்கயும் ஊசலாடினதோட தடம் அது. பக்கத்துல கொந்தளிப்பு இருந்தும் அந்த அடுக்குகள் கலையல, 2018ல டோர்பர்ட் குழு எழுதினது இதைத்தான்: உள்ள எலக்ட்ரான் ஓட்டம் பெரும்பாலும் சீராத்தான் இருந்துச்சு. இரைச்சல் அறுக்கலன்னு படி 8ல நான் பிடிவாதமாச் சொன்னதுக்கு இது ஒரு ஆதாரம்.

படி 10: தீனி கொறைஞ்சுதா?

பையன் கடைசில இதுலதான் மாட்டினான். ஒரு முகப்புக்குப் பின்னால விஸ்லர் கிடைச்சுது, சுழற்சில ஐந்துல ஒரு பங்கு, வலது கை வட்டம், எல்லாம் பொருத்தம். "முடிஞ்சுது மாமா"ன்னான். டேய், அது தின்னுச்சுன்னா தட்டு காலியாகணுமே, அலைக்கு முன்னால குறுக்குச் சூடு எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு கேட்டேன். போட்டுப் பாத்தான், முன்னால குறுக்குச் சூட்டுக்கும் நேர்ச் சூட்டுக்கும் விகிதம் 1.3, பின்னால 1.3தான். ஒண்ணு அலை வேற எங்கயோ பொறந்து இங்க வந்திருக்கு, இல்ல முகப்பு நசுக்கி நசுக்கி புதுசா பரிமாறிட்டே இருக்கு. அதைப் பிரிக்க ஒரு வழி இருக்கு, அலையோட எனர்ஜி புலக்கோட்டுல எந்தப் பக்கம் ஓடுதுன்னு நாலு கலத்துலயும் பாக்கணும், ரெண்டு பக்கமும் ஓடினா பொறந்த இடம் பக்கத்துலதான்.

வால்ல அடர்த்தி கொறைவுங்கறதால 30 மில்லி நொடிக்கு எலக்ட்ரான் எண்ணிக்கையும் கொறைவு, அதனால பத்து இருபது அளவைச் சேர்த்து சராசரி எடுத்துட்டுத்தான் விகிதத்தைப் பேசணும், சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ வர்றது கலத்தோட தோல்லேர்ந்தே கிளம்பின ஒளி எலக்ட்ரான், அதையும் வெட்டிடணும். வெட்டிட்டுப் போட்டப்ப அவனோட 1.3 வந்து 1.2 ஆச்சு, இன்னும் ரெண்டு முகப்பு இறக்கி வெச்சிருக்கான், சனிக்கிழமை பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.